பழைய காருக்குப் புதிய காயில்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: என் அம்பாசடர் மேட்டில் ஏறும்போது திணறுகிறது. பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்க, ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலுக்கு 9.2 வோல்ட்தான் வருகிறது. வண்டியில் பேலஸ்ட் மின்தடை (காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தைக் குறைக்கும் தடை) கிடையாது. மெக்கானிக் இரண்டு காயில் மாற்றிவிட்டார். கடைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: கேட்க இயலாது, காயிலுக்கு வந்து சேருமுன்பே 3.4 வோல்ட் ஒயரிங்கில் தொலைகிறது. காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், இவ்வளவு வோல்ட் குறைந்தாலே அந்த ஆற்றல் ஏறத்தாழப் பாதியாகிவிடும். சாவியைப் போட்டு, பாயிண்ட் (காயிலின் மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடர்பு முனை) மூடியிருக்கும் நிலையில், மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவில் வைத்துக்கொண்டு, மறுமுனையை இக்னிஷன் சுவிட்சுக்குள் வரும் ஒயர், வெளியேறும் ஒயர், காயில் என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். எங்கே எண் சட்டென உயர்கிறதோ, அதற்கு முந்தைய பகுதியில்தான் கோளாறு. பாயிண்ட் திறந்திருந்தால் மின்னோட்டம் இராது. அப்போது பச்சை பூத்த இணைப்பும் வோல்ட் இழப்பே இல்லாததுபோல் காட்டி ஏமாற்றிவிடும். அளந்து பாராமல் பாகம் மாற்றியதற்கான கூலியை மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

கேள்வி: தனியார் ஒருவரிடம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வாங்கினேன். 'ஒயரிங் முழுக்கப் புதிது' என்று வாய்மொழியாகச் சொன்னார். பழைய ஒயர்தான் இருக்கிறது. வழக்குப் போடலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: அவர் வியாபாரி அல்லர் என்பதால் நுகர்வோர் ஆணையத்தில் இதற்கு இடமில்லை; பானெட்டைத் திறந்து பார்த்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது.

கேள்வி: பிரீமியர் பத்மினிக்குக் காயில் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. இரண்டு முறை பாயிண்ட் கருகிவிட்டது. காயில் கை வைக்க முடியாதபடி சுடுகிறது. பெட்டியில் '12 வோல்ட்' என்று மட்டும் இருக்கிறது. கடைக்காரர் பில் தரவும் மறுக்கிறார். (வாசகி, திண்டுக்கல்)

பதில்: உங்கள் கோபம் முற்றிலும் நியாயமானது. '12 வோல்ட்' என்று மட்டும் அச்சிட்டு விற்பதை நான் பல ஆண்டுகளாகக் கண்டித்து வருகிறேன். நேரடி இணைப்புக்கான காயிலின் முதன்மைச் சுருள் சுமார் 3 ஓம். பேலஸ்ட் மின்தடையுடன் பயன்படுத்த வேண்டியது சுமார் 1.5 ஓம். இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். பின்னதைப் பேலஸ்ட் இல்லாமல் மாட்டினால் 4 ஆம்பியர் போக வேண்டிய பாயிண்டில் 8 ஆம்பியர் போகும். கருகாமல் என்ன செய்யும்? எனக்கும் இப்படியொரு காயிலைத் தலையில் கட்டினார்கள். எத்தனை ஓம் என்று கேட்டால் கடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. வாங்குபவர் பொறியாளராக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எதை விற்கிறோம் என்று சொல்லும் கடமை விற்பவருடையது.

காயிலின் இரு ஒயர்களையும் கழற்றிவிட்டு ஓம் அளவைப் பார்த்து, பெட்டியையும் மீட்டரையும் சேர்த்துப் படம் எடுங்கள். பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காதபோது 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அவ்வாறே. ஆகவே இந்த வாரமே கடைக்கு எழுத்தில் கொடுங்கள். அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். மாவட்ட ஆணையத்தை அணுக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.