வானத்தில் கதவு திறந்துகொண்டால்...

(பதில்கள்: கோத்தகிரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற விமானப் பயிற்றுநர்)

கே: கோவையிலிருந்து சென்னைக்குப் பறக்கும்போது யாராவது கதவைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்?
– கல்லூரி மாணவர், ஊட்டி

ப: உயரத்தில் யாராலும் திறக்க முடியாது. உள்ளே ஏற்றிவைத்த காற்றழுத்தம் டன் கணக்கில் கதவை அழுத்திப் பிடித்திருக்கும். இறங்க இறங்க அந்தப் பிடி தளரும். 2023 மே மாதம் தென்கொரியாவின் டேகு நகரில் இறங்கிக்கொண்டிருந்த ஏசியானா விமானத்தில் ஒரு பயணி சுமார் 700 அடி உயரத்தில் கதவைத் திறந்துவிட்டார். விமானம் பத்திரமாகத் தரை சேர்ந்தது.

கே: என் மகன் விமானம் ஓட்டப் படிக்கிறான். தனியாகப் பறந்தபோது செஸ்னா 172 என்ற சிறு பயிற்சி விமானத்தின் வலப்பக்கக் கதவு, மேலே எழும்பியதும் படாரென்று திறந்துகொண்டதாம். "எட்டிப் பிடிச்சு சாத்திட்டேன்மா" என்று சிரிக்கிறான். 2021-ல் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்து எழும்பிய புகையைப் பார்த்தவள் நான். தூக்கமே போய்விட்டது. வெளியே விழுந்துவிட மாட்டானா?
– ஒரு தாய், காட்டேரி

ப: விழமாட்டான் அம்மா. பெல்ட் பிடித்துக்கொள்ளும். கதவும் நம் மலை ஜீப்பின் கதவு வளைவில் வீசித் திறப்பதுபோல் திறக்காது. செஸ்னாவில் கீல் முன்பக்கம் இருப்பதால் எதிர்க்காற்றே அதைத் தள்ளிப் பிடிக்கும். சில அங்குலம் விலகி நின்று படபடக்கும். நஞ்சப்பசத்திர விபத்துக்கும் கதவுக்கும் சம்பந்தமில்லை; மேகத்துக்குள் சிக்கியதுதான் காரணம் என்றது விசாரணை.

எனக்குக் கவலை, அவன் எட்டிப் பிடித்ததுதான். கதவு திறந்ததும் இரைச்சலில் ரேடியோ கேட்காது, மடியிலிருந்த காகிதமெல்லாம் பறக்கும். காலி இருக்கையின் பெல்ட்டை மாட்டாமல் விட்டிருந்தால் அதன் நுனி வெளியே போய் விமானத்தின் உடம்பில் தடதடவென்று அடிக்கும். எஞ்சினே உடைகிறதோ என்று தோன்றும். அந்தப் பதற்றத்தில் வலப்பக்கம் சாய்ந்து கை நீட்டினால் கண் வேகமானியை விட்டுவிடும், விமானத்தின் மூக்கு தூக்கிக்கொள்ளும். 75 நாட் (மணிக்குச் சுமார் 140 கி.மீ.) வேகத்தில் ஏறும் விமானம் 50-க்குக் கீழே வந்தால், இறக்கையால் அதைக் காற்றில் தாங்க முடியாது. 500 அடியில் அப்படி ஆனால் மீட்க உயரம் கிடையாது. திறந்த கதவால் நேராத விபத்து, அதைச் சாத்தப்போய் நேர்ந்திருக்கிறது.

ஓடுபாதையில் நிற்க இடமிருந்தால் நிறுத்த வேண்டும். எழும்பிவிட்டால் கதவு கிடக்கட்டும். வேகத்தைக் கவனித்தபடி 1,000 அடிக்கு ஏறி, வழக்கம்போல் ஒரு சுற்று வந்து இறங்கலாம். இது செஸ்னாவுக்கு. பைப்பர் செரோக்கி என்ற இன்னொரு சிறு விமானத்தில் கதவின் மேலே தனித் தாழ்ப்பாள் உண்டு, அதைத்தான் மறப்பார்கள். மேல்மூடி திறக்கும் ரகங்களின் குணமே வேறு, கையேட்டைப் படித்தாக வேண்டும்.

தனியாக அனுப்பும்போது பயிற்றுநர் இறங்கி, வெளியிலிருந்து சாத்தும் கதவு அது. ஆகவே புறப்படுமுன் மாணவன் தன் கையால் தள்ளிப் பார்த்தே தீர வேண்டும். சரியாகச் சாத்தியும் திறந்தது என்றால் தாழ்ப்பாள் தேய்ந்திருக்கும். டெக் லாக்கில் (விமானத்தின் கோளாறுகளைக் குறித்துவைக்கும் ஏட்டில்) எழுதினானா என்று இன்றே போன் போட்டுக் கேளுங்கள். எழுதாமல் விட்டால் நாளைக்கு அதே விமானத்தில் வேறொரு வீட்டுப் பிள்ளை ஏறும்.