விரதமும் வயிற்றுப் பிள்ளையும்

தாய்மைப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்
பதில் தருபவர்: திருகோணமலையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற குடும்பநல மருத்துவமாது

கேள்வி: திருமணமான ஆண்டிலிருந்து கேதார கௌரி விரதம் பிடித்து வருகிறேன். இந்த முறை விரதம் தொடங்கும்போது எனக்கு ஆறாம் மாதமாக இருக்கும். எடுத்த விரதத்தை இடையில் விட்டால் பிள்ளைக்கு ஆகாது என்கிறார் மாமி. 21 நாளும் ஒருநேரச் சாப்பாட்டுடன் இருக்கலாமா?
வாசகி, உப்புவெளி

பதில்: ஒருநேரச் சாப்பாடு வேண்டாம், மகள். நானும் இந்த விரதத்தைப் பிடிப்பவள்தான். அதன் அருமை தெரிந்தே சொல்கிறேன்.

வயிற்றிலுள்ள பிள்ளை தாயின் இரத்தத்திலிருந்து இரவும் பகலும் சீனிச்சத்தை எடுத்துக்கொண்டே இருக்கிறது. அதனால் பிள்ளைத்தாய்ச்சி பட்டினி கிடந்தால் மற்றவர்களைவிட வெகு விரைவில் இரத்தத்தில் சீனி இறங்கிவிடும். உடல் தன் கொழுப்பைக் கரைத்துச் சமாளிக்கத் தொடங்கும். தலைச்சுற்றும் குமட்டலும் அதன் பின்னால் வரும். புரட்டாசியில், பருவமழை இறங்குவதற்கு முன் நம்மூரில் அடிக்கும் புழுக்கம் உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் தண்ணீரும் குறைந்தால் சிறுநீர்த் தொற்று சுலபமாகப் பிடித்துக்கொள்ளும்.

விரதத்தை விடச் சொல்லவில்லை. காப்பைக் கட்டுங்கள், பூசைக்குப் போங்கள், மச்ச மாமிசத்தைத் தவிருங்கள். ஆனால் மூன்று வேளையும் சாப்பிடுங்கள். காலையில் இடியப்பமும் பருப்பும் பால்சொதியும், பத்து மணியளவில் அவித்த கடலையோ பயறோ, மதியம் சோற்றுடன் முருங்கையிலை வறையும் கௌபிக் கறியும், இரவில் குரக்கன் புட்டு என்று வைத்துக்கொள்ளலாம். கிளினிக்கில் தரும் திரிபோஷா சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்தது. அதில் விரதத்துக்கு விலக்கானது எதுவுமில்லை. குளிசைகளை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. குளிசை விழுங்கினால் விரதம் முறிந்துவிடும் என்று இரும்புச்சத்துக் குளிசையை மூன்று வாரம் அலுமாரியில் வைத்துவிடும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு இரத்தம் ஊற வேண்டிய மாதங்களில் இப்படிச் செய்கிறார்களே என்று எனக்கு மனம் பதறும்.

இறுதிநாள் உபவாசத்தை உங்களுக்காகக் கணவர் ஏற்றுச் செய்யலாமா என்று கோயில் குருக்களிடம் கேளுங்கள். கர்ப்பகாலச் சீனி வருத்தம் உள்ளவர்கள் உணவில் எந்த மாற்றம் செய்வதற்கு முன்னும் வைத்தியரிடம் பேச வேண்டும். 24 முதல் 28 வாரங்களுக்குள் செய்யும் சீனிப் பரிசோதனையையும் தவறவிடாதீர்கள்.

சிவனின் உடலில் பாதியாக வேண்டுமென்றே கௌரி இந்த விரதத்தை நோற்றாள் என்கிறோம். இப்போது உங்கள் உடலிலும் இன்னோர் உயிர் பங்கு கொண்டிருக்கிறது. அதைப் பட்டினி போடாமல் நோற்பதால் விரதத்துக்குக் குறை வராது என்பது என் உறுதியான நம்பிக்கை. மாமியிடம் இதைக் கோபமில்லாமல் வாசித்துக் காட்டுங்கள். அவரும் பேரப்பிள்ளையை நினைத்துத்தான் பயப்படுகிறார்.

கிண்ணியா, மூதூர்ச் சகோதரிகளும் ரமழான் நெருங்கும்போது இதையே கேட்பதுண்டு. தாய்க்கோ பிள்ளைக்கோ தீங்கு வரும் என்ற அச்சமிருந்தால் நோன்பை விட்டு, பிறகு நோற்க மார்க்கம் இடம் தருகிறது.

கேள்வி: என் மனைவிக்கு ஐந்தாம் மாதம். திருநீற்றை அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறாள். சிவபக்தியுள்ள பிள்ளை பிறக்கும் என்று அவளுடைய அம்மா மகிழ்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.
வாசகர், சாம்பல்தீவு

பதில்: உங்கள் பயம் சரியானது, தம்பி. வணங்கிவிட்டு நாக்கில் ஒரு சிட்டிகை வைப்பதில் எனக்குக் கவலையில்லை. அள்ளிச் சாப்பிடுவதும், சாப்பிடாமல் இருக்க முடியாத ஆவல் வருவதும் வேறு விடயம். பச்சையரிசி, செங்கல், சாம்பல், ஐஸ்கட்டி என்று சிலருக்கு ஆசை திரும்பும். பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவுடன் சேர்ந்தே இது வருகிறது.

பாலையூற்றுப் பக்கம் ஒரு பிள்ளை கைப்பைக்குள் சிறிய தகர டப்பாவில் திருநீறு வைத்திருந்தாள். என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே விரல் நுனியை ஈரமாக்கித் தொட்டுத் தொட்டு வாயில் வைத்தாள். பல்முரசெல்லாம் வெள்ளையாகப் படிந்திருந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், சிவப்பே இல்லை. பரிசோதித்தபோது இரத்தம் மிகக் குறைவு. ஒழுங்காகக் குளிசை எடுத்துச் சில வாரங்களில் அந்த ஆசை தானாகவே விட்டுப் போனது.

ஆகவே முதலில் மனைவியின் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். கர்ப்பகாலத்தில் 11 கிராமுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. இரும்புக் குளிசையை விட்டமின் சி குளிசையுடனோ தேசிக்காய்த் தண்ணீருடனோ எடுக்கட்டும். தேநீர், பால், கல்சியம் குளிசை மூன்றும் அதோடு சேரக் கூடாது; இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். பூச்சிக் குளிசை எடுத்தாயிற்றா என்றும் உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் கேளுங்கள். கடையில் பொட்டலமாக வரும் திருநீற்றில் என்ன கலந்திருக்கிறதென்று நமக்குத் தெரியாது. அதைச் சொல்லிப் புரியவையுங்கள். ஏசவோ கேலி செய்யவோ வேண்டாம். அது அவளுடைய குற்றமில்லை.

கேள்வி: ஏழாம் மாதத்தில் கோணேசர் மலைக்கு ஏறலாமா? கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிக்கலாமா?
வாசகி, நிலாவெளி

பதில்: இரத்தப்போக்கு, உயர் இரத்த அழுத்தம், நச்சுக்கொடி கீழே இருத்தல் போன்ற சிக்கல் எதுவுமில்லை என்றால் தாராளமாக ஏறலாம். அதிகாலையில் போங்கள். கோட்டை வாசலிலிருந்து மான்கள் மேயும் பாதையில் மெதுவாக நடந்து, மூச்சு வாங்கினால் நின்று போனால் நல்ல உடற்பயிற்சியும் ஆகும். தேர்க்கூட்டத்துக்குள் மட்டும் போக வேண்டாம். அடிக்கு அடி விழுந்து வணங்கி அடி அளிப்பதாக நேர்த்தி இருந்தால் பிள்ளை பிறந்த பிறகு செய்யுங்கள். கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் சூடு ஒன்றுபோல் இருக்காது. உடல் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் குளிப்பது கர்ப்பிணிக்கு ஏற்றதல்ல, முதல் மூன்று மாதங்களில் அறவே கூடாது. கைகால் நனைத்துக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: எட்டாம் மாதம். இரண்டு நாளாகத் தலையிடி, முகமும் வீங்கியிருக்கிறது. நாவூறு என்று நூல் கட்ட அழைக்கிறார்கள். இப்படி வந்தால் என்ன செய்வது?
வாசகி, தம்பலகாமம்

பதில்: உங்களுக்குத் தொலைபேசியில் உடனே பதில் சொல்லியாயிற்று. மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இவை இரத்த அழுத்தம் ஏறியதன் அறிகுறிகளாக இருக்கலாம். கண் மங்கினாலோ மேல்வயிறு நொந்தாலோ ஆபத்து இன்னும் நெருங்கிவிட்டது. வலிப்பு வரை போய்விடும். முதலில் ஆஸ்பத்திரி. நூலை அங்கிருந்து வந்த பிறகும் கட்டலாம்.

திருச்சியில் சிவனைத் தாயுமானவர் என்று வணங்குகிறோம். காவிரி வெள்ளத்தால் தாய் வந்து சேர முடியாத பெண்ணுக்கு, இறைவனே தாய் வடிவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது அந்தத் தலத்தின் வரலாறு. பிரசவ நேரத்தில் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று உதவும் ஆள் வேண்டும் என்பதை அந்தக் கதையைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை. இரத்தம் பட்டால், தண்ணீர்க்குடம் உடைந்தால், பிள்ளையின் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தால் நேர்த்தி வைத்துவிட்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். கர்ப்பகாலப் பதிவு அட்டையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.