அஞ்சலையின் கை – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். இப்போது கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். அஞ்சலையைப் பற்றிய உங்கள் நாவலை இரண்டே இரவுகளில் படித்து முடித்தேன். ஒரு பொருளைத் தொட்டால் அதை முன்பு கையாண்டவர் செய்ததெல்லாம் தெரிந்துவிடும் ஆற்றல் கொண்ட பால்மரம் வெட்டும் (ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்கும்) பெண்ணொருத்தி, முப்பது ஆண்டுகளுக்கு முன் காணாமற்போன கிராணியின் (தோட்டக் கணக்கரின்) கதையைத் துலக்குவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால், கடைசி அத்தியாயத்தில் அவள் கோவில் அரிவாளைத் தொட்டதும் கொலையாளியின் முகம் கண்முன் வந்து நிற்கிறதே, அந்த இடத்தில் ஏமாந்துபோனேன். முகம் தெரியும் என்றால் முதல் அத்தியாயத்திலேயே தெரிந்திருக்கலாம் அல்லவா? முடிவைத் தீர்மானித்துவிட்டுத்தான் எழுதத் தொடங்குவீர்களா? இன்னொன்றும் கேட்க வேண்டும். விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) கிளம்பும்போது என் பாட்டி, "இன்னிக்கு அந்த நெரை வேணாம்" என்று அம்மாவைத் தடுப்பார். (நெரை என்பது ஒருவர் பால் வெட்டும் மர வரிசை.) சில தடவை அவர் சொன்னது பலித்தும் இருக்கிறது. இவற்றையெல்லாம் நீங்கள் நம்புகிறீர்களா? பாட்டியின் பால் மங்கு (ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம்) ஒன்று எங்கள் சாமி அறையில் இன்றும் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கிள்ளான்

அன்புச் சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் குற்றச்சாட்டு சரியானது. அதைச் சுற்றிவளைக்காமல் ஒப்புக்கொண்டுவிட்டு மற்றதைப் பேசுகிறேன். இங்கிருந்து தொடங்கும் பகுதியில் நாவலின் முடிவு வெளிப்படும் என்பதால், இன்னும் படிக்காதவர்கள் பொறுத்தருள வேண்டும்.

நாவலுக்கான குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், கதை என்ன, கொலை செய்தவர் யார் என்பதற்கெல்லாம் முன்பே ஒரு வரியை எழுதி அடிக்கோடிட்டிருந்தேன்: "அஞ்சலைக்குக் கை தெரியும், முகம் தெரியாது." பொருள் தன்னைப் பிடித்த கையை மட்டுமே நினைவில் வைத்திருக்கும், அதன் வேகமும் நடுக்கமும் அழுத்தமும் அவளுக்குள் இறங்கும், ஆனால் அந்தக் கை யாருடையது என்பதை அவள் மற்றவர்களைப்போல் விசாரித்தும் யோசித்தும்தான் அறிய வேண்டும் என்பது நானே போட்டுக்கொண்ட வேலி. இருபது அத்தியாயங்கள் அந்த வேலிக்குள் நின்றேன். ஞாயிறு பதிப்பில் தொடராக வந்துகொண்டிருந்த கதையை இரண்டே வாரங்களில் முடித்தாக வேண்டும் என்ற நிலை வந்தபோது, வேலியை நானே பிடுங்கி எறிந்துவிட்டு அவளுக்கு முகத்தைக் காட்டிவிட்டேன். பத்திரிகையைக் குறை சொல்வதற்கில்லை. வாரம் எத்தனை பக்கம் என்பது தொடக்கத்திலேயே எனக்குத் தெரியும்.

என் எழுத்துமுறையைப் பற்றிக் கேட்டிருப்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன். சாதாரண மர்ம நாவலில் துப்பறிபவரும் வாசகரும் ஒன்றாகவே இருட்டில் நடக்கிறார்கள். கையில் இருக்கும் தீக்குச்சிகள் இருவருக்கும் ஒரே எண்ணிக்கைதான். முன்னுணர்வோ ஞானதிருஷ்டியோ கொண்ட ஒருத்தியை நடுவில் நிறுத்தும் நாவலில் அந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது, ஏனெனில் அவளிடம் இருப்பது தீக்குச்சி இல்லை, விளக்கு. விளக்கு இருப்பவளுக்கு என்ன ஆபத்து என்று வாசகர் கேட்பார். ஆகவே, அவளால் எது முடியும் என்பதைவிட எது முடியாது என்பதைத்தான் நான் முதலில் எழுதிக்கொள்கிறேன். திகில் முழுவதும் அந்த முடியாமைக்குள்தான் இருக்கிறது.

இது நம் மரபுக்குப் புதிதும் இல்லை. வில்லிபாரதத்தில், போருக்கு முன் களப்பலி கொடுக்க நல்ல நாள் எது என்று துரியோதனன் சகாதேவனிடமே வந்து கேட்கிறான். அமாவாசை என்று சகாதேவன் மறைக்காமல் சொல்லிவிடுகிறான். வரப்போவதை அறிந்தவன், கேட்டவர் பகைவரே ஆனாலும் பொய் சொல்லக்கூடாது என்ற ஒரே நிபந்தனையால் அந்தக் காட்சி எப்படி இறுகிவிடுகிறது என்பதைத் தெருக்கூத்தில் பார்த்தவர்கள் அறிவார்கள். சிலப்பதிகாரத்தில் கனாத்திறம் உரைத்த காதையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய நகரொன்றுக்குப் போனதையும், அங்கே தங்கள்மீது பொய்ப்பழி விழுந்ததையும், கோவலனுக்குத் தீங்கு நேர்ந்ததையும், தான் அரசன் முன் வழக்குரைத்ததையும், அரசனோடு அந்த ஊருக்கும் கேடு வந்ததையும் கண்ணகி கனவில் கண்டு தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். கதையின் முடிவு அங்கேயே, புகாரிலேயே, நம் கையில் தரப்பட்டுவிடுகிறது. தேவந்தி பரிகாரம் சொல்கிறாள், குளத்தில் நீராடிக் காமவேள் கோட்டத்தைத் தொழச் சொல்கிறாள். "பீடன்று", அது பெருமை ஆகாது என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். பிறகு கோவலன் வருகிறான். அந்தக் கனவைக் கண்ட அதே பெண் தன் சிலம்பை எடுத்துக்கொள்ளச் சொல்லி, பொழுது விடியும் முன் அவனோடு புறப்படுகிறாள். தெரிந்துகொண்டே நடக்கிற அந்தப் பெண்ணைப் பார்த்தபடிதான் நாம் மதுரைவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிறோம்.

அஞ்சலையின் ஆற்றல் எவ்வளவு பலிக்க வேண்டும் என்ற கணக்கை வேறோர் இடத்திலிருந்து எடுத்தேன். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் என்பவர் 1930களில் சீட்டுகளை வைத்து, பார்க்காமலே அவற்றிலுள்ள குறியைச் சொல்ல முடிகிறதா என்று அறியும் அதீத உளவியல் சோதனைகள் நடத்தினார். வட்டம், கூட்டல் குறி, அலைக்கோடுகள், சதுரம், நட்சத்திரம் என ஐந்து குறிகள், மொத்தம் 25 சீட்டுகள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் சராசரியாக ஐந்து சரியாக வரும். 1933–34இல் நடந்த ஒரு புகழ்பெற்ற சோதனையில், ஹியூபர்ட் பியர்ஸ் என்ற இறையியல் மாணவர் நூலகத்தில் உட்கார்ந்துகொண்டு வேறொரு கட்டடத்தில் இருந்த சீட்டுகளை 1,850 முறை ஊகித்துச் சொன்னார். தற்செயலாக 370 சரியாக வந்திருக்க வேண்டிய இடத்தில் அவருக்கு 558 சரியாக வந்தது. அந்த மாணவர் நூலகத்தைவிட்டு நழுவி வந்து சீட்டுகளை எட்டிப் பார்த்திருக்க முடியும் என்று பிற்காலத்தில் ஹான்சல் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் ஐயம் எழுப்பினார். (மர்ம நாவல் எழுதுகிறவனுக்கு அந்த ஐயமே ஒரு முழுக் கதை. அதை இன்னொரு நாள் எழுதுவேன்.) சோதனையின் நம்பகத்தன்மை ஒருபுறம் இருக்கட்டும். என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த விகிதம். அற்புதம் என்று கொண்டாடப்பட்ட ஆற்றலே 25க்கு ஏழோ எட்டோதான். மீதிப் பதினேழு தவறு. தான் காண்பதில் எது அந்த எட்டில் சேரும், எது பதினேழில் சேரும் என்று காண்பவளுக்கே தெரியாது என்றால், அவள் எப்போதும் சரியாகச் சொல்கிற அருள்வாக்குக்காரியைவிட எவ்வளவோ உயிருள்ள பாத்திரமாகிவிடுகிறாள். நிரபராதியான தண்டலை (தோட்ட மேற்பார்வையாளரை) அஞ்சலை ஏழு அத்தியாயங்கள் சந்தேகித்தது அந்தப் பதினேழின் விளைவு.

இனி, நாவல் எங்கே பிறந்தது என்பதைச் சொன்னால்தான் நான் செய்த பிழையின் அளவு உங்களுக்குப் புரியும்.

எங்கள் ஊருக்கு வெளியே ஒரு முனியாண்டி கோவிலுக்குப் பின்னால் பதினைந்து இருபது பால்மரங்கள் மிச்சம் இருந்தன. சுற்றிலும் செம்பனை போட்டுவிட்டார்கள். ஒரு நாள் அந்தத் தோட்டத்தில் நெடுங்காலம் வேலை செய்த மூதாட்டி ஒருவரோடு அங்கே போயிருந்தேன். மரத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், மறுபடி வளர்ந்து மூடிய பட்டையின்மேல் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழாகத் தடவினார். "இது என் வெட்டு" என்றார். அடுத்த மரத்துக்குப் போனார், தடவினார், முகத்தைச் சுளித்தார். "இங்க வேற ஆளு கை பட்டிருக்கு. காயம் பண்ணிட்டான் பாவி."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவருக்கு அதில் ஒன்றுமே இல்லை. நீங்கள் தோட்டத்தில் பிறந்தவர் என்றாலும் கிள்ளானில் இருக்கும் உங்கள் மாணவர்களுக்காகச் சொல்கிறேன்: உளி பட்டையைச் சீவலாம், உள்ளே இருக்கும் மரத்தைத் தொடக்கூடாது. தொட்டால் அது காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை சமமாக வளராது, முண்டு முண்டாகப் புடைத்துக்கொள்ளும். சிலருக்கு வெட்டைத் தொடங்கும் இடத்தில் கை அழுந்தும், சிலருக்கு முடிக்கும் இடத்தில். ஒவ்வொரு வெட்டிலும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டை போகும். ஒருநாள்விட்டு ஒருநாள் வெட்டினால் வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு சாண் கீழே இறங்கும். அப்படியானால் மரத்தின் எந்த உயரத்தில் காயம் இருக்கிறது என்பதை வைத்து, அது எந்த ஆண்டில் விழுந்தது என்று சொல்லிவிடலாம். அந்த மூதாட்டி அதையும் சொன்னார். தன் மகள் பிறந்து பிள்ளைப்பேற்று விடுப்பில் இருந்தபோது வேறொருவர் தன் நெரையை வெட்டிய காலம் அது என்று விரலால் தொட்டுக் காட்டினார். மரத்தைத் தொட்டுக் கடந்த காலத்தைச் சொன்ன அவரைத்தான் நான் அஞ்சலை ஆக்கினேன்.

நாவலில் கொலையாளி செய்யும் தந்திரமும் அங்கேயே கிடைத்தது. கிராணி காணாமற்போன நாட்களில் தான் தன் நெரையில் பால் வெட்டிக்கொண்டிருந்ததாகக் கொலையாளி சொல்கிறான், செக்ரோலிலும் (வருகைப் பதிவேட்டிலும்) அவன் பெயர் இருக்கிறது, அவன் பெயரில் பாலும் நிறுக்கப்பட்டிருக்கிறது. ஆனால், அந்த நெரையின் எல்லா மரங்களிலும் ஒரே உயரத்தில் ஒரு வரிசைக் காயம் இருக்கிறது, அது அவன் கை இல்லை. இதைப் பதினான்காம் அத்தியாயத்தில் அஞ்சலை தடவிப் பார்ப்பதாக எழுதியும்விட்டேன். கடைசியில் அவள் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் மறுபடி அந்த மரங்களிடம் போய், உயரத்தை அளந்து, ஆண்டைக் கணக்கிட்டு, அந்த வாரம் அவனுக்காக வெட்டிய ஆள் யார் என்று கேட்பது மட்டும்தான். அதற்கு எந்தத் திருஷ்டியும் வேண்டாம். நானோ பட்டையை மறந்துவிட்டு அரிவாளைத் தூக்கி அவள் கையில் கொடுத்துவிட்டேன். அடுத்த பதிப்புக்காக அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். அரிவாள் அதில் இல்லை.

முடிவு எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டீர்கள். குற்றவாளி யார் என்பது தெரியும், அது வெளிப்படும் வழி தெரியாது. வழியும் தெரிந்துவிட்டால் எனக்கு எழுதச் சலித்துவிடும்.

சுங்கை சிப்புட்டைக் கதைக்களமாக வைத்துவிட்டு 1948ஐ ஏன் தொடவில்லை என்று வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். அந்த ஆண்டு ஜூன் 16ஆம் தேதி இங்கே தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதையொட்டி அவசரகாலம் அறிவிக்கப்பட்டு அது 1960வரை நீடித்ததும் பெரிய வரலாறு. அதைக் கொண்டுவந்தால் அஞ்சலையின் சிறிய கிராணி அதற்குள் காணாமற்போய்விடுவார். ஏற்கெனவே ஒருமுறை காணாமற்போனவர்.

நம்புகிறேனா என்ற கேள்விக்கு வருகிறேன். நாவலுக்காகக் குறி கேட்கும் இடங்கள் சிலவற்றில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். சாமியாடி சொல்வதைவிட, அவர் சொல்வதற்கு முன் கேட்பவரின் முகத்தை எப்படிப் பார்க்கிறார் என்பதைத்தான் அதிகமாகக் குறித்துக்கொண்டேன். "வீட்டுல ஒரு பொம்பளப் புள்ள விசயம்" என்று பொதுவாகத் தொடங்கி, எதிரில் இருப்பவரின் கண் அசைந்த திசையில் வாக்கு நகர்வதைப் பலமுறை பார்த்தேன். ஆகவே, அங்கே நான் நம்பிக்கையோடு திரும்பவில்லை. உங்கள் பாட்டியின் விசயத்தை அதோடு சேர்க்க மாட்டேன். இருட்டில் தலைவிளக்கோடு வருடக்கணக்காக ஒரே காட்டுக்குள் நடந்தவருக்கு, எந்த நெரையில் கிளை உளுத்திருக்கிறது, எந்தக் காற்றுக்கு அது விழும், எந்தப் பக்கம் பன்றி இறங்கியிருக்கிறது என்பதெல்லாம் காரணம் சொல்லத் தெரியாமலே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் சொல்லிப் பலிக்காத நாட்களும் இருந்திருக்கும், அவற்றை வீட்டில் யாரும் எண்ணி வைத்திருக்கமாட்டீர்கள். ஆனாலும், அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்த நெரைக்கு நானும் போயிருக்க மாட்டேன்.

சாமி அறையில் இருக்கும் மங்கின் அடியில் பழைய பால் கறுத்துப் படிந்திருக்கும். விளக்கித் துடைத்துவிடாதீர்கள். அடுத்த முறை கிள்ளான் பக்கம் வரும்போது அதைக் கையில் வாங்கிப் பார்க்க விரும்புகிறேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து