பெட்ரோல் காசு குடுத்தா திருடன் வரமாட்டானா?

கேள்வி: எங்க நகர்ல ரெண்டு வீட்ல நகை போயிடுச்சு. வீட்டுக்கு மாசம் 200 ரூபா வசூல் பண்ணி ஸ்டேஷனுக்கு பெட்ரோல் காசா குடுத்தா ராத்திரி ரோந்து கூடுதலா வரும்னு அசோசியேஷன்ல பேசறாங்க. குடுக்கலாமா சார்?
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: குடுக்காதீங்க. அந்தக் காசு எந்தக் கணக்குல போகும்னு மொதல்ல உங்க செயலாளரை கேளுங்க. கிரிக்கெட் மேட்ச் நடத்தறவங்க பந்தோபஸ்துக்கு பணம் கட்றாங்க, வாஸ்தவம்தான், ஆனா அது அரசாங்கக் கணக்குல ரசீதோட போற பணம். கவர்ல வெச்சு குடுத்தா அதுக்கு பேரு வேற, 2018-ல சட்டத்தை திருத்தினதுல லஞ்சம் குடுக்கறதே தனிக் குற்றம், திருடனை பிடிக்கப் போய் நீங்க உள்ள போயிடாதீங்க.

சரி, ரசீதே தர்றாங்கன்னு வைங்க. வண்டி உங்க தெருவுல சுத்தும், காசு போடாத பின்தெருவுல சுத்தாது. அங்க வாடகைக்கு இருந்துட்டு மாங்கூழ் கம்பெனிக்கு வேலைக்கு போறவங்க வீட்ல தோடு, மூக்குத்தி இல்லையா, அவங்க கட்ற வரியும் போலீஸ் சம்பளத்துக்குத்தானே போகுது?

வண்டி சுத்தினாலே திருட்டு குறையும்ங்கறதும் நம்ம நினைப்புதான். அமெரிக்காவுல கேன்சஸ் சிட்டியில 1972-73ல ஒரு வருஷம் சோதிச்சே பாத்தாங்க, சில ஏரியாவுல ரோந்தை ரெண்டு மூணு மடங்கு ஏத்தி, சிலதுல கூப்பிட்டா மட்டும் போய், சிலதை பழையபடி விட்டு. திருட்டுல சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்ல. லைட்டு சுத்திக்கிட்டு வர்ற வண்டி தாண்டற வரைக்கும் நம்மாளு சந்துல நின்னு பீடி பிடிப்பான், அவ்ளோதான்.

உங்க தெரு முனை கோயில்லயோ ஏடிஎம்லயோ பட்டா புக் தொங்குதான்னு பாருங்க. ராத்திரி ரோந்துக்கு வர்ற போலீஸ் அதுல நேரம் எழுதி கையெழுத்து போடணும். ஒரு ஊர்ல நான் புரட்டிப் பாத்தேன், ஒரு வாரத்து கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு, மழை கொட்டின ராத்திரி உட்பட எல்லா நாளும் சரியா 2.10! அப்படி இருந்தா போட்டோ எடுத்து, பத்து பேரா போய் எஸ்பி ஆபீஸ்ல மனு குடுங்க.

அப்புறம் பூட்டின வீடு. பெங்களூர்ல இருக்கற மக வீட்டுக்கு போனா கேட்ல வெளிப்பூட்டு, வாசல்ல மூணு நாள் பேப்பர், கோலமும் இல்ல, திருடனுக்கு இதைவிட என்ன பத்திரிகை அடிக்கணும்? கிளம்பறப்ப ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு, பக்கத்து வீட்டம்மாகிட்ட பேப்பரை எடுத்து வெச்சு சாயங்காலம் லைட்டு போடச் சொல்லிட்டு போங்க. எரியாத தெருவிளக்கு இருந்தா கம்பத்து நம்பரோட நகராட்சிக்கு எழுதுங்க.

இவ்ளோ சொல்லியும் வசூல் பண்ணியே ஆகணும்னு செயலாளர் நின்னார்னா, போன பொங்கலுக்கு வசூல் பண்ண கணக்கை மொதல்ல காட்டச் சொல்லுங்க.