லெமன் சட்டம்: சர்வீஸ் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவனிடம் சில கேள்விகள்

எத்தனை தடவை ரிப்பேர் செய்தாலும் சரியாகாத புது வண்டியை அமெரிக்காவில் "லெமன்", அதாவது எலுமிச்சம்பழம், என்பார்கள். அப்படிப்பட்ட வண்டிக்குக் கம்பெனியிடமிருந்து பணத்தையோ வேறு வண்டியையோ வாங்கித் தருவது லெமன் சட்டம். அங்கே புது கார் வாங்கி எஞ்சினோடு மல்லுக்கட்டுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் வக்கீல் இல்லை. கார் டீலர்ஷிப்பில் ரிப்பேர் ஆர்டர் (வண்டியை விடும்போது எழுதும் வேலைச் சீட்டு) எழுதிக் குப்பை கொட்டியவன். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் மாநிலத்தைச் சொல்லிக் கேட்கச் சொன்னேன்.

கேள்வி (கலிஃபோர்னியா): அண்ணா, புது வண்டி, 7,000 மைல்தான் ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினில் டக் டக் என்று தட்டுகிறது, இரண்டு நிமிடத்தில் நின்றுவிடுகிறது. மூன்று தடவை கொண்டு போனேன். "எங்களுக்குக் கேட்கவில்லை" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எதையுமே ரிப்பேர் செய்யவில்லையே, இதெல்லாம் கணக்கில் வருமா?

பதில்: வரும், கையில் தாள் இருந்தால். சரிசெய்ய நீங்கள் வாய்ப்புக் கொடுத்தீர்களா என்பதுதான் கேள்வி. அதை அவர்கள் என்ன செய்தார்கள் என்பது அவர்கள் பாடு.

ரிப்பேர் ஆர்டரில் "வாடிக்கையாளர் சொல்வது" என்று ஒரு வரி வரும். அதில் "எஞ்சினைப் பார்க்கச் சொன்னார்" என்று மொட்டையாக எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். "இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் முதல் இரண்டு நிமிடம் தட்டும் சத்தம்" என்று எழுத வையுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே வாசகம் இருக்கட்டும். ஒருமுறை சத்தம், ஒருமுறை அதிர்வு என்று மாறினால், கம்பெனி வக்கீல் அவை வேறு வேறு குறை என்பார். உள்ளே விட்ட தேதி, வெளியே எடுத்த தேதி, மைல் கணக்கு எல்லாம் இருக்கிறதா பாருங்கள்.

சத்தம் அவர்களுக்குக் கேட்காததில் மர்மம் இல்லை. பத்து மைல் ஓட்டிப் போய்க் கொடுத்தால் எஞ்சின் சூடாகத்தானே இருக்கும்? முந்தின நாள் மாலையே விட்டுவிட்டு, காலையில் நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். வீட்டிலும் ஒரு வீடியோ எடுங்கள், முதலில் மைல் மீட்டர், அப்புறம் எஞ்சின்.

சட்டக் கணக்கு இது: 18 மாதம் அல்லது 18,000 மைல், எது முதலில் வருகிறதோ அதற்குள், ஒரே குறைக்கு 4 தடவை, உயிருக்கு ஆபத்தான குறை என்றால் 2 தடவை, இல்லையென்றால் மொத்தம் 30 நாளுக்கு மேல் ஒர்க்ஷாப்பில். இதில் ஒன்று நடந்தால் போதும், லெமன் என்ற அனுமானம் உங்கள் பக்கம் நிற்கும். கெடு தாண்டினால் எல்லாம் முடிந்தது என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். வாரண்டிக்குள் வந்த குறை என்றால் வழக்கு உண்டு, நிரூபிப்பதுதான் கொஞ்சம் கடினம்.

கேள்வி (கலிஃபோர்னியா): பணத்தைத் திருப்பித் தரும்போது ஓட்டிய மைலுக்குக் கழிப்பார்களாமே?

பதில்: அந்தக் குறைக்காக முதல் தடவை ஒர்க்ஷாப்புக்குப் போனவரை ஓடிய மைலுக்கு மட்டும். அதை 1,20,000ஆல் வகுத்து விலையால் பெருக்குங்கள். 42,000 டாலர் வண்டி, 6,000 மைலில் முதல் தடவை போயிருந்தால் 2,100 டாலர் போகும். அதற்கப்புறம் 30,000 மைல் ஓட்டினாலும் அதே 2,100தான். அதனால் "அடுத்த ஆயில் சேஞ்சோடு பார்த்துக்கொள்ளலாம்" என்று இருக்காதீர்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி): கோயில் வாசலில் நான்கு எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் வண்டியை எடுத்தோம் சார், இப்போது வண்டியே எலுமிச்சம்பழம். டீலரோடு சண்டை போட்டுக் களைத்துவிட்டேன்.

பதில்: டீலரை விடுங்கள், பொறுப்பு தயாரித்த கம்பெனிக்கு. உங்கள் மாநிலத்தில் 2 ஆண்டு அல்லது 24,000 மைலுக்குள் ஒரே குறைக்கு 3 தடவை, அல்லது மொத்தம் 20 நாள் ஒர்க்ஷாப்பில். கம்பெனிக்கு சர்டிஃபைட் தபாலில் கடைசி வாய்ப்புக் கடிதம் போடுங்கள். சரிசெய்ய அவர்களுக்கு 10 நாள் அவகாசம். கடிதம் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சியாகத் திரும்பி வரும் பச்சை நிறத் தபால் அட்டையைத் தொலைக்காதீர்கள். அப்புறம் மாநில நுகர்வோர் விவகாரப் பிரிவில் 50 டாலர் கட்டி மனு. டெக்ஸாஸ்காரர்கள் மோட்டார் வாகனத் துறைக்குப் போக வேண்டும், அங்கே 35 டாலர்.

கேள்வி: 1,000 மைலுக்கு 1 குவார்ட் (ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு) ஆயில் குடிக்கிறது. "நார்மல்" என்கிறார்கள்.

பதில்: அந்த வசனத்தை நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன், சம்பளம் வாங்கிய பாவத்துக்கு. கம்பெனிக்கு நார்மல் என்பதோடு சட்டம் நின்றுவிடாது. வண்டியின் உபயோகம், மதிப்பு, பாதுகாப்பு கணிசமாகக் கெடுகிறதா என்று பார்க்கும். ஆயில் அளவு சோதனை கேளுங்கள்: அளந்து ஊற்றி, சீல் வைத்து, குறிப்பிட்ட மைல் ஓடியபின் மறுபடி அளப்பார்கள். நடுவில் நீங்களும் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஆறியபின் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளக்கும் குச்சி) துடைத்துவிட்டுப் பார்த்துப் படம் எடுங்கள். ஆயில் குறைந்து பேரிங் போனால் பழி உங்கள் மேல்தான் விழும்.

கேள்வி: ரீகால் வந்தாலே, அதாவது குறைக்காகக் கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைத்தாலே, லெமன்தானா?

பதில்: இல்லை. 2025 ஏப்ரலில் ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) தன் 6.2 லிட்டர் வி8 எஞ்சினுக்காக சுமார் 6 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. எஞ்சினுக்குள் இருக்கும் கனெக்டிங் ராடிலும் கிராங்க் ஷாஃப்டிலும் கோளாறு. சோதனையில் தேறியவற்றுக்குக் கெட்டியான 0டபிள்யூ-40 ஆயில், தேறாதவற்றுக்கு ரிப்பேர் அல்லது வேறு எஞ்சின். இப்படி எஞ்சினுக்குக் காத்து வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளையும் எண்ணுங்கள். லெமன் பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கேள்வி (கலிஃபோர்னியா): பழைய வண்டி, கம்பெனி வாரண்டி மிச்சம் இருக்கிறது. எனக்கும் லெமன் சட்டம் உண்டா?

பதில்: 2024 அக்டோபர் 31 அன்று மாநில உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. வாரண்டி மிச்சம் இருப்பதாலேயே பழைய வண்டி "புது வண்டி" ஆகாது. வாங்குவதற்கு முன்னால் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தைப் பாருங்கள். லெமன் என்று கம்பெனி திரும்ப வாங்கிய வண்டியில் அங்கே ஸ்டிக்கர் இருக்க வேண்டும்.

கேள்வி: வீட்டிலேயே ஆயில் மாற்றினேன். வாரண்டி போச்சா?

பதில்: போகாது. டீலரிடம்தான் மாற்ற வேண்டும் என்று கட்டாயப்படுத்த 1975ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் விடாது. ஆனால் ஆயில், ஃபில்டர் வாங்கிய ரசீதைக் கேட்பார்கள். அதை கார் டாஷ்போர்டில் போட்டு வைத்திருக்கிறீர்களா? வெயிலில் எழுத்தெல்லாம் மறைந்துவிடும், இன்றைக்கே ஒரு படம் எடுத்துவிடுங்கள்.