மூன்றாம் பாலுக்கு என்ன வேலை?

கேள்வி: நான் எழுதும் அறிவியல் புனைகதையில் வேற்றுக்கிரகவாசிகளுக்கு மூன்று பால். மூவரும் கூடினால்தான் பிள்ளை. உயிரியல்படி இது எடுபடுமா?

பதில்: எடுபடும், ஆனால் முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். இரண்டு பால் சரிபாதியாக இருந்தால், எதிர்ப்படும் ஒருவர் இணையாகப் பொருந்த 2-க்கு 1 வாய்ப்பு. மூன்று பாலும் சம அளவில் இருந்து, மூவரும் சேர்ந்தே தீரவேண்டும் என்றால், எதிர்ப்படும் இருவர் சரியான இருவராக அமைய 9-க்கு 2 வாய்ப்புதான். ஆள் நடமாட்டம் குறைந்த கிரகத்தில் இந்த இனம் தழைக்காது. அவர்களை நெருக்கமான கூட்டமாக வாழவிடுங்கள். பால்களின் எண்ணிக்கை சமன் குலையாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐசக் அசிமோவ் 1972-ல் வெளியான ‘தி காட்ஸ் தெம்செல்வ்ஸ்’ நாவலில் இதற்கு வழி செய்திருக்கிறார்: ஒவ்வொரு மூவரும் வகைக்கு ஒன்றாக மூன்று பிள்ளை பெறவேண்டும்.

பால்களின் எண்ணிக்கை கூடினாலே இணை அரிதாகிவிடும் என்பதில்லை. ஸ்கைசோஃபில்லம் கம்யூன் என்ற காளானில் 20,000-க்கும் மேற்பட்ட இணைவகைகள், அதாவது பால் போன்ற பிரிவுகள், உண்டு. ஆனால் கூடுவது இருவர்தான். அதனால் எதிர்ப்படும் எதுவும் பெரும்பாலும் பொருந்திவிடுகிறது. எத்தனை பால் என்பதைவிட, ஒரு பிள்ளைக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதுதான் உங்கள் கதையின் அஸ்திவாரம்.

அடுத்தது மரபணு. மூவரும் ஆளுக்கொரு குரோமோசோம் தொகுதி தந்தால் பிள்ளைக்கு மூன்று தொகுதி. அதற்கு இனச்செல்கள் உருவாகும்போது இரண்டு தொகுதிகள் ஒன்றோடொன்று ஜோடி சேரும், மூன்றாவது தனித்து நிற்கும், பங்கீடு தாறுமாறாகும். விதையில்லாத் தர்பூசணியில் விதை பிடிக்காததும் இதனால்தான். எனவே மூன்றாகப் பிரியும் புதுவகைச் செல்பிரிவை நீங்களே வகுக்க வேண்டும். அதைவிட எளிது, மூன்றாமவரை மரபணு தராதவராக வைப்பது. கருவைச் சுமக்கும் வேலை கொடுக்கலாம். அல்லது எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் படைத்த ‘ஊலோய்’ என்ற மூன்றாம் பாலினரைப் போல, மற்றவர்களின் மரபணுக்களைத் தன் உடலுக்குள் கலந்து கருவாக்கும் வேலை கொடுக்கலாம். நான் இரண்டாவதையே சொல்வேன். எந்தப் பிள்ளை எப்படிப் பிறக்கவேண்டும் என்ற அதிகாரம் ஒருவர் கைக்குப் போய்விடுகிறது. கதை சூடுபிடிக்க அது போதும்.

கேள்வி: பால் மாறும் இனம் என்றால், மாற எத்தனை நாள் வைக்கலாம்?

பதில்: நீலத்தலை ராஸ் மீனைப் பாருங்கள். கூட்டத்தை ஆளும் ஆணை அகற்றிவிட்டால், மிகப் பெரிய பெண் மீன் சில மணி நேரத்துக்குள் ஆணைப் போலவே மற்ற மீன்களை விரட்ட ஆரம்பிக்கும். விந்தணு உண்டாக 8 முதல் 10 நாள் ஆகும். நடத்தை முந்தும், உடல் பிந்தும். பலர் ஒரே இரவில் எல்லாம் மாறிவிட்டதாக எழுதுகிறார்கள். சூலகம் கரைந்து விந்தகம் வளர நாளும் வேண்டும், தீனியும் வேண்டும். அந்தப் பசியையும் களைப்பையும் எழுதுங்கள்.

சமூகத்தையும் அதற்கேற்ப மாற்றியாக வேண்டும். உர்சுலா லெ குவின் 1969-ல் எழுதிய ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’ நாவலில் கெதன் என்ற கிரகத்து மக்களுக்கு 26 நாள் சுழற்சி. ‘கெம்மர்’ எனப்படும் சில நாட்களில் மட்டும் ஆணாகவோ பெண்ணாகவோ ஆவார்கள். எது என்பது இணையைப் பொறுத்தது. ஒருவரே சில பிள்ளைகளுக்குத் தாய், சிலருக்குத் தந்தை. பிள்ளைப்பேறு யாருக்கும் வரலாம் என்பதால், அந்தச் சுமையைக் காட்டி யாரையும் ஒதுக்க முடியாது. கெம்மர் நாட்களுக்கு வேலையில் விடுப்பும் உண்டு.

கேள்வி: ஆணே இல்லாத இனம் நிலைக்குமா?

பதில்: நிலைக்கும். விப்டெயில் பல்லிகளில் சில இனங்கள் முழுக்கப் பெண்கள். கருவுறாத முட்டையே குஞ்சாகிறது. ஆனால் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மரபணு என்பதால், ஒருவரைக் கொல்லும் நோய் எல்லாரையும் கொல்லும். உங்கள் கதையில் கொள்ளைநோய் வருகிறதென்றால் தப்பிப் பிழைப்பவர் எப்படிப் பிழைத்தார் என்பதற்குக் காரணம் காட்டுங்கள்.