கிரியேட்டினின் 1.3 வந்தால் சிறுநீரகத்தைச் 'சுத்தம்' செய்ய வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 47, ஆண். ஐந்து வருடமாக ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறேன். சர்க்கரை நோய் இல்லை. முழு உடல் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.3 என்று வந்து, பக்கத்தில் 'அதிகம்' என்று குறித்திருக்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் சிறுநீரகத்தைச் சுத்தப்படுத்தும் பொடி ஒன்றைத் தந்து, தினமும் ஐந்து லிட்டர் தண்ணீரோடு ஒரு மாதம் சாப்பிடச் சொல்கிறார். சாப்பிடலாமா? உணவில் என்ன மாற்ற வேண்டும்? முழங்கால் வலிக்கு அவ்வப்போது வலி மாத்திரை போடுவதைத் தவிர வேறு பிரச்சினை இல்லை.

பதில்: முதலில் அந்தப் பொடியை ஓரமாக வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

கிரியேட்டினின் என்பது தசைகள் அன்றாடம் உண்டாக்கும் ஒரு கழிவு. தசை அதிகமுள்ளவருக்கு இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதனால் இந்த எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் இஜிஎஃப்ஆர் என்ற எண் கிடைக்கும். சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்பதன் மதிப்பீடு அது. உங்களுக்கு ஏறக்குறைய 68 வருகிறது. இதே 1.3 ஒரு 70 வயதுப் பெண்ணுக்கு வந்திருந்தால் ஏறக்குறைய 44. அவர் கவலைப்பட வேண்டியவர். நீங்கள் கவனிக்க வேண்டியவர், அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் ஒரே எண்ணை ஒரே மாதிரி அச்சடித்துக் கொடுக்கும் லேப்கள், கணினியில் ஒரு வரி சேர்த்தால் வந்துவிடும் இந்தக் கணக்கை இன்னும் ஏன் போடுவதில்லை என்று எனக்குப் புரியவே இல்லை.

இஜிஎஃப்ஆர் 60க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தாலோ, சிறுநீரில் புரதம் தொடர்ந்து கசிந்தாலோதான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்கிறோம். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து அந்தப் பெயரைச் சூட்ட மாட்டோம். பரிசோதனைக்கு முந்தைய நாள் கடுமையான உடற்பயிற்சி, முந்தைய வேளையில் நிறைய இறைச்சி, உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கும் கிரியேட்டின் பொடி, இவற்றில் எது இருந்தாலும் எண் கொஞ்சம் ஏறும்.

உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் பரிசோதனை அந்தப் பட்டியலில் இருந்ததா என்று பாருங்கள். அநேகமாக இருந்திருக்காது. சிறுநீரில் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் என்று அதற்குப் பெயர். ஆல்புமின் என்பது ரத்தத்திலுள்ள ஒரு புரதம். 30க்குக் கீழே இருந்தால் நல்லது. கிரியேட்டினின் ஏறுவதற்குள் சிறுநீரகம் ஏறக்குறையப் பாதித் திறனை இழந்திருக்கக்கூடும். புரதக் கசிவோ அதற்குப் பல வருடம் முன்பே தெரியவரும். ரத்த அழுத்தம் உள்ள எவருக்கும் வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டியது இதைத்தான். எண்பது பரிசோதனை, தொண்ணூறு பரிசோதனை என்று விளம்பரம் செய்யும் பேக்கேஜ்களில் வைட்டமின் முதல் புற்றுநோய்க் குறியீடு வரை எல்லாம் இருக்கும், ஒரு சின்னக் குப்பியில் சிறுநீர் வாங்கிப் பார்க்கும் இது இருக்காது. சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை சிறு அளவுக் கசிவைத் தவறவிட்டுவிடும். பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

இனி பொடி. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் போலச் சிறுநீராக அனுப்பிவிட்டு மீதியை உடம்புக்கே திருப்பித் தருகின்றன. இது அடைத்துக்கொண்ட சாக்கடை அல்ல, பொடி போட்டுக் கழுவிவிட. இப்படிப்பட்ட பொடிகளில் பல, சிறுநீரை அதிகமாகப் போக வைக்கும். நிறையப் போனால் சுத்தமாகிவிட்டது என்று நமக்குத் தோன்றும். வியாபாரமே அந்த உணர்வில்தான் ஓடுகிறது.

இன்னொரு தந்திரமும் உண்டு. பொடி சாப்பிடும் மாதம் முழுக்க இறைச்சி கூடாது, உடற்பயிற்சி கூடாது என்பார்கள். மாதக் கடைசியில் பரிசோதித்தால் 1.3 என்பது 1.1 ஆகியிருக்கும். "பார்த்தீர்களா?" என்பார்கள். பொடி இல்லாமலே அது இறங்கியிருக்கும். 'தெரிந்தவர்' என்று எழுதியிருக்கிறீர்களே, ஒரு டப்பா விற்றால் அவருக்கு எவ்வளவு கமிஷன் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

காசு போவது மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், எடை குறைக்க மூலிகை மாத்திரை எடுத்துக்கொண்ட பெண்கள் வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்து வந்தார்கள். மூலிகைக் கலவையில் அரிஸ்டோலோக்கியா என்ற செடி இருந்தது. அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாகத் தழும்பாக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் உண்டாக்கும். இயற்கையான செடிதான் அதுவும். வேறு சில பொடிகளில் ஈயம், பாதரசம், லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு, வலி மருந்து எல்லாம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. 'டீடாக்ஸ்' என்று கீரையை அரைத்துத் தினமும் குடிப்பதும் இதே ரகம்தான். சமைத்து அளவாகச் சாப்பிட்டால் நல்ல கீரை, பச்சையாக லிட்டர் கணக்கில் உள்ளே போகும்போது அதிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பு சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்து, டயாலிசிஸ் வரை போனவர்கள் உண்டு.

உங்கள் கடிதத்திலேயே என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது கடைசி வரிதான். வேறு பிரச்சினை இல்லை என்று முடித்திருக்கிறீர்கள். அந்த வலி மாத்திரைதான் பிரச்சினை! இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சன் போன்றவை சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தத்தைக் குறைக்கும். டெல்மிசார்டன் வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கும், அது நல்லதுக்குத்தான். இரண்டும் சேரும்போது சிறுநீரகத்துக்குத் தப்பிக்க வழி குறைகிறது. மூன்றாவதாகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். சில ரத்த அழுத்த மாத்திரைகளில் அதுவும் கலந்தே வருகிறது. அட்டையைத் திருப்பி ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் என்று இருக்கிறதா பாருங்கள்.

மருந்துக்கடையில் "முழங்கால் வலி" என்று சொன்னால், வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமலே இந்த மாத்திரையை எடுத்துத் தருகிறார்கள். எலும்பு மருத்துவர் எழுதுவது ரத்த அழுத்த மருத்துவருக்குத் தெரியாது. முழுப் பட்டியலும் தெரிந்த ஒரே ஆள் நோயாளிதான், அவரிடமோ யாரும் கேட்பதில்லை. பாராசிட்டமால் என்று நினைத்து வாங்கும் மாத்திரையிலும் அசிக்ளோஃபெனாக் கலந்திருக்கலாம். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும், சொன்ன அளவில். மேலே தடவும் மருந்து, தொடைத் தசைக்கான பயிற்சி, எடைக் குறைப்பு ஆகியவை உங்கள் முழங்காலுக்கு அதைவிட நல்லது.

டெல்மிசார்டனை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இந்த வகை மாத்திரையை ஆரம்பித்த முதல் சில வாரங்களில் கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறலாம், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்துபவர்கள் ஏராளம். பொடி விற்பவர்களும் நிறுத்தத்தான் சொல்வார்கள். நீண்ட காலத்தில் சிறுநீரகத்தைக் காப்பது அழுத்தம் கட்டுக்குள் இருப்பதுதான், 130/80க்குக் கீழே. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று உடம்பு வறண்டுபோகும் நாட்களில் மட்டும், தற்காலிகமாக நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்து லிட்டர் தண்ணீர் வேண்டாம். நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ள 631 பேரை வைத்துக் கனடாவில் நடந்து 2018ல் வெளியான ஆய்வில், வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தண்ணீர் குடித்தவர்களுக்கு ஒரு வருடத்தில் சிறுநீரகச் சரிவு குறையவில்லை. தாகத்துக்குக் குடியுங்கள், சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். வெயிலில் வேலை என்றால் கூடுதலாக.

ஆனால் சிறுநீரகக் கல் வந்தவர்கள் கதை வேறு. உங்களுக்குக் கல் இருந்ததாக நீங்கள் எழுதவில்லை, இருந்தும் இதைப் படிக்கும் வேறு பலருக்கு இருந்திருக்கும். அவர்களுக்குத் தண்ணீரே மருந்து. இத்தாலியில் ஐந்து வருடம் தொடர்ந்த ஓர் ஆய்வில், தினமும் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் வரும்படி குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கும் கல் திரும்ப வந்தது. கவனியுங்கள், குடிக்கும் அளவல்ல, வெளியேறும் அளவு. வியர்வையில் எவ்வளவு போகிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு விடுமுறை நாளில் 24 மணி நேரச் சிறுநீரையும் அளந்து பாருங்கள், பெரும்பாலோர் தாங்கள் நினைத்ததைவிடக் குறைவு என்று கண்டுபிடிப்பார்கள். படுக்கப் போகும் முன்பும் ஒரு டம்ளர் குடியுங்கள், இரவில்தான் சிறுநீர் கெட்டிப்படும். கல் கால்சியத்தால் ஆனது என்று பாலையும் தயிரையும் நிறுத்துகிறார்களே, அது தலைகீழ் வைத்தியம். உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றிவிடும். அதைக் குறைத்தால் கல் கூடத்தான் செய்யும். கட்டுப்படுத்த வேண்டியது உப்பையும் அளவுமீறிய இறைச்சியையும்தான்.

சரி, உங்கள் சாப்பாட்டுக்கு வருகிறேன். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி. பாக்கெட் தின்பண்டம், சாஸ், உடனடி நூடுல்ஸ், பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றிலேயே அது தீர்ந்துவிடும். 'சோடியம் குறைந்த உப்பு' வாங்காதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது, டெல்மிசார்டன் சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏற வாய்ப்புண்டு. பழமும் காய்கறியும் வழக்கம்போல் சாப்பிடுங்கள். யாரோ அனுப்பிய டயாலிசிஸ் நோயாளியின் உணவுப் பட்டியலைப் பார்த்து வாழைப்பழத்தையும் பருப்பையும் விடுகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன். அந்தப் பட்டியல் உங்களுக்கானது அல்ல. புரதப் பொடி வேண்டாம். புகைபிடித்தால் நிறுத்துங்கள்.

மூன்று மாதம் கழித்து, முந்தைய நாள் இறைச்சியும் கடும் பயிற்சியும் இல்லாமல், கிரியேட்டினின், பொட்டாசியம், ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு), சிறுநீர் ஆல்புமின் விகிதம் நான்கையும் பாருங்கள். இஜிஎஃப்ஆர் 60க்கு மேலும் விகிதம் 30க்குக் கீழும் இருந்தால் வருடம் ஒருமுறை போதும். இல்லையென்றால் சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள். போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளோடு, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், அந்தப் பொடி டப்பாவையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள்.